செகண்ட் ஹேண்டு

பஞ்சு டிரைவர் என்றால்தான் அந்த லைனில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. படிப்பு ஏறாமல் எஞ்சின் கழுவப் போனவர், கடைசியில் எஞ்சினையே ஓட்டினார். அவர் ரயிலை நிறுத்தினால் பயணிகள் கையிலிருக்கும் டீ தளும்பாது. அதனால்தான் பஞ்சு.

கடைசி ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிற தடுப்புக்கட்டைக்கு நேர் பின்னால் ஒரு டீக்கடை. "தினமும் என் கடையைப் பார்த்து வந்து நிக்கறீங்க, உள்ளதான் வாங்களேன்" என்று கடைக்காரி ஒருநாள் கேட்டுவிட்டாள். கல்யாணம் அப்படித்தான் ஆனது.

அப்புறம் ரயில்வேக்காரர்கள், வேறெங்கோ ஓடிக் களைத்த மின்சார எஞ்சின்களை வாங்கிவந்து பெயிண்ட் அடித்தார்கள். தலைக்குச் சாயம் பூசிய மாப்பிள்ளை மாதிரி நின்றன. பழைய எஞ்சினில் பிரேக் கைப்பிடியை முன்னால் தள்ளினால் பிடிக்கும். இதில் இழுத்தால்தான் பிடிக்கும், தள்ளினால் விட்டுவிடும்.

"ஞாபகம் இருக்கில்ல மாமா?" என்றான் உதவி டிரைவர். மனைவியின் தம்பி.

"நான் எஞ்சின் கழுவறப்ப நீ பொறக்கவே இல்லடா. சிக்னலைப் பாரு."

வழியெல்லாம் ஒழுங்காக இழுத்தார். கடைசி ஸ்டேஷனில் டீக்கடை கண்ணில் பட்டது. அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அந்தக் கடையைப் பார்த்ததும் செய்ததையே கை செய்தது. தள்ளியது.

வேகம் குறையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். கடையில் மனைவி முதுகைக் காட்டி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சினன் பாய்ந்து அவசர பிரேக்கைக் குத்தினான். எஞ்சின் கட்டையை முட்டி நின்றது. கடையிலிருந்த டம்ளர்கள் மொத்தமும் தரையில். அவள் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்.

கையைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது.

அதிகாரியிடம் அவரே போய்ச் சொன்னார். ஷெட்டில் காலி எஞ்சினை வைத்துப் பழகச் சொன்னார்கள். பழகினார். வலது கை சமர்த்தாக இழுத்தது. கண்ணை மூடிக் கடையை நினைத்தால் மட்டும் தள்ளியது.

வீட்டில் சோற்றில் கை வைக்கவே தயங்கினார்.

"அந்தக் கைக்கு என் கடை பழகிப்போச்சு. அதை வெட்டிப் போட்டுடவா முடியும்?" என்றாள் மனைவி. "இன்னொண்ணு சும்மாதானே கிடக்கு. செகண்ட் ஹேண்டு எஞ்சினுக்கு செகண்ட் ஹேண்டு போதாதா?"

அவர் சிரிக்கவில்லை. "நான் வர்றப்ப கடையில இருக்காத."

"அப்ப உங்களுக்கு டீ யாரு போடறதாம்?"

இடது கையால் பழகி, அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்துச் சரி என்ற பிறகு, மறுபடி ரயிலோடு வந்தார். ஸ்டேஷன் தெரிந்ததும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இடது கைக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. இழுத்தது. ரயில் பஞ்சாக நின்றது.

ஜன்னலோரம் வந்து அவள் டம்ளரை நீட்டினாள். டீ தளும்பியது, ரயிலால் இல்லை, அவள் கையால். இடது கையாலேயே வாங்கிக்கொண்டார். தொடைக்கு அடியில் வலது கை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.