பதின்மூன்றாவது சுற்றில் நின்ற பெண்

அது 2004-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். கூடலூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பி.டி. வாத்தியாராக இருந்தேன். கம்பத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மண்டல அளவிலான விளையாட்டுப் போட்டி நடந்தது. மேற்கு மலையிலிருந்து சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. கபடிக்குப் பன்னிரண்டு பையன்கள், கோகோவுக்குப் பன்னிரண்டு பெண்கள், மூவாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு பெண் என்று எல்லோரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி, எண்ணி எண்ணி இறக்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு அலுத்துவிட்டது.

பி.டி. வாத்தியார் என்றால் விசில் ஊதிவிட்டு மரத்தடியில் உட்காருகிற ஆள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு கபடி டீமை உருவாக்கிப் பார்த்தால் தெரியும். எங்கள் பையன்களுக்குத் தெம்புக்குக் குறைவில்லை. வாழைத்தார் சுமந்த தோள்கள். ஆனால் கபடி கைகோர்த்துப் பிடிக்க வேண்டிய விளையாட்டு. இந்தத் தெருப் பையனும் அந்தத் தெருப் பையனும் முகம் சுளிக்காமல் கைகோர்க்க எனக்கு ஒரு டெர்ம் முழுக்கப் போய்விடும். அதற்குள் ஊர்த் திருவிழாவில் பெரியவர்களுக்குள் ஏதாவது தகராறு வரும். கோர்த்த கைகள் மறுபடி பிரிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கோகோவில் வேறு விதமான பாடு. ஓடுவதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், உட்காருவதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. எட்டுப் பேர் குத்த வைத்து, முதுகில் கை விழுகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். நாலாவதாக உட்கார்ந்திருக்கும் பெண் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருப்பாள். டீம் ஒருவழியாகத் தேறி வரும்போது ஒருத்திக்குச் சடங்கு வைத்துவிடுவார்கள். பிறகு அவளை மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். வாலிபாலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆறு பேருக்கும் ஓங்கி அடிக்கத்தான் ஆசை, பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் கிடையாது. கிரிக்கெட்டை நான் தொடுவதே இல்லை. அதில் பையன்கள்தான் எனக்குச் சொல்லித் தருவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஓய்வு கொடுத்த ஒரே விளையாட்டு ஓட்டம்தான். அதில் சொல்லித் தர என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, ஓட வேண்டியதுதானே!

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணைக் கண்டுபிடித்ததற்கும் நான் பெருமைப்பட எதுவும் இல்லை. முதல் மணி அடித்த பிறகு பள்ளிக்கு ஓடி வருவாள். வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் அவளால். தினமும் ஒன்றரை மைல் ஓடி வந்தும் மூச்சு வாங்காது. தாமதத்துக்குத் திட்டப் போன நான் திட்டாமல் திரும்பினேன்.

எங்கள் பள்ளி மைதானம் கபடிக்கும் கோகோவுக்கும்தான் காணும். அதனால் அவளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனேன். லோயர் கேம்ப் பக்கமிருந்து வரும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். ஒரு மதகில் அவளை நிறுத்தி, விசில் ஊதிக் கிளப்பிவிட்டு, என் மொபெட்டில் அவளை முந்திப் போய், மூவாயிரம் மீட்டர் அளந்து வைத்த இடத்தில் நிற்பேன். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். நேர்க்கோட்டில் ஓடி வருவாள். நான் நிற்கிற இடம் வந்ததும் நிற்பாள், பாட்டிலை வாங்கிக் குடிப்பாள், நான் நேரத்தைச் சொல்வேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வாரம் நான்கு நாள் இதுதான் பயிற்சி. நேரம் குறைந்துகொண்டே வந்தது. நானும் பெரிய பயிற்சியாளர் ஆகிவிட்டதாக மிதப்பில் இருந்தேன்.

போட்டிக்கு முந்தின வாரம் அவள் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். மண்டலத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம், அந்தச் சான்றிதழோடு விளையாட்டு விடுதிக்கு மனுப் போடலாம், கிடைத்தால் மேற்கொண்டு படிப்பும் சாப்பாடும் அங்கேயே என்று விளக்கினேன். திராட்சைத் தோட்டத்தில் வேலை முடித்துவிட்டு வந்திருந்த மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"இவ ஆத்தாளும் மூத்தவளும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போகுதுக சார். இவளும் பத்து முடிச்சா அந்த ஜீப்புதான். ஜில்லாவுக்கு ஓடிட்டான்னு நீங்க வந்து சொல்லுங்க, ஹாஸ்டலுக்கு அனுப்புறேன். இல்லேன்னா என்னைய வற்புறுத்தாதீக."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானும் சரி என்று கைகூப்பிவிட்டு வந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டி அன்று காலை கோகோவில் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். பதினோரு மணிக்குக் கபடி அரையிறுதி. அதே நேரத்துக்கு மூவாயிரம் மீட்டரும் மைக்கில் அழைத்தார்கள். கபடிக் களம் மைதானத்தின் அந்தக் கோடியில், கட்டடத்துக்குப் பின்னால். நான் ஒரு ஆள், எங்கே போவேன்? கபடிப் பையன்களை விட்டால் அடித்துக்கொள்வார்கள். அவளைக் கூப்பிட்டு, "ஓட்டத்துக்கு என்ன ஆத்தா, முன்னால போறவள முந்துனாப் போதும். நீ ஓடு, நான் வந்துர்றேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். சுண்ணாம்புக் கோடு போட்ட இருநூறு மீட்டர் வட்டத்தில் அவள் அதற்கு முன் ஓடியதே இல்லை. மூவாயிரம் மீட்டர் என்றால் அதில் பதினைந்து சுற்று. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கபடியில் தோற்றோம். தோற்ற பிறகு, எதிர்பார்த்தபடியே, இரண்டு பையன்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஓட்டப் பந்தயத்துக்கு ஓடினேன். எல்லைக்கோட்டுக்கு அருகில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பழக்க தோஷத்தில் பாட்டில் கையில் இருந்தது.

அவள்தான் முன்னால் வந்துகொண்டிருந்தாள். அடுத்தவள் அரை வட்டத்துக்குப் பின்னால். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நேராக என்னிடம் வந்தாள். கோட்டைத் தாண்டி வெளியே வந்து, நின்று, கையை நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டிலைக் கொடுத்தேன். "சபாஷ்" என்றேன். எத்தனை சுற்று முடிந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அவள் நின்றதால் பந்தயம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நான் நின்றதால் முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

நடுவர் மேஜையிலிருந்து மைக்கில் கத்தினார்கள், "இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு! யாரு அந்தப் புள்ள?" பின்னால் வந்தவள் எங்களைக் கடந்து போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் போனாள்.

ஓடுகிறவர் தானாகக் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால் அதோடு அவர் பந்தயம் முடிந்தது. இந்த விதியை நான் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். தெரிந்தே, வாய் தன்பாட்டுக்கு, "ஓடு ஆத்தா, ஓடு!" என்று கத்தியது. பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடினாள். அந்த மாதிரி ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒருத்தியை முந்திவிட்டாள். இன்னொருத்தியைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டாள்.

இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். "ரெண்டாவது சார்! ஜில்லாவுக்கு உண்டுல்ல சார்?"

நான் நேராக மேஜைக்குப் போனேன். நடுவராக இருந்தவர் பக்கத்து ஊர்ப் பி.டி. வாத்தியார், நல்ல மனிதர். நான் கெஞ்சினேன். வாழ்க்கைப் பிரச்சினை என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்களே வெளிய நின்னு தண்ணி குடுத்தீக சார். ஊரே பாத்துச்சு. ரூல் ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். மூன்றாவதாக வந்த பெண்ணின் பெயரை இரண்டாவது என்று எழுதினார்.

அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அழுவாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால், எனக்குப் புரியாத ஒன்றை விளக்குவது போல, "நீங்க நின்னீகளே சார்" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பும்போது கோகோப் பெண்களோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். நான் முன் சீட்டில், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் அப்பாவிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒரு வருடம் பொறுங்கள், பதினோராம் வகுப்பில் சேர்த்து மறுபடி ஓட வைக்கலாம் என்று மன்றாடினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "விடுங்க சார், அவ விதி" என்று காபி கொடுத்து அனுப்பினார். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். ஜூன் மாதம் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு நான் மைதானத்துக்குப் போகிற வழியில்தான் குமுளிக்குப் போகும் தோட்டத்து ஜீப்புகள் ஆள் ஏற்றும். கொஞ்ச நாள் வேறு தெரு வழியாகப் போனேன். வாத்தியாருக்கு என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். வெட்கம்தான். ஒரு நாள் மழையால் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதால் பழைய வழியிலேயே போக வேண்டி வந்தது. ஜீப்பின் பின்பக்கம் பத்துப் பெண்களுக்கு நடுவில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். "சார்!" என்று கூப்பிட்டாள். மொபெட்டை நிறுத்தினேன்.

நல்லா இருக்கியா என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் அவசரமாகக் குனிந்து கேட்டாள்.

"இப்ப ஓடுற பிள்ளைகளுக்கு ரவுண்டு எண்ணச் சொல்லிக் குடுத்தீகளா சார்?"

"சொல்லிக் குடுத்துட்டேன்மா" என்றேன். உண்மையாகவே சொல்லிக் கொடுத்திருந்தேன். சட்டைப் பையில் பதினைந்து புளியங்கொட்டை, ஒரு சுற்றுக்கு ஒன்றைக் கீழே போட வேண்டும் என்று பழக்கியிருந்தேன். அதைச் சொல்வதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது. "நல்லது சார்" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது.

ஆறு வருடமாகிவிட்டது. கபடிப் பையன்கள் இன்னும் கைகோர்க்க மறுக்கிறார்கள், கோகோப் பெண்கள் இன்னும் ரிப்பனைச் சரிசெய்கிறார்கள், எனக்கும் வயதாகி அலுப்பு கூடிவிட்டது. ஆனால் அதெல்லாம் கஷ்டம் என்று இப்போது யாரிடமும் நான் புலம்புவதில்லை. என் பிள்ளைகள் ஓடும்போது யார் கண்ணிலும் படாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். நான் வாயால் சொன்னதைவிட நான் நின்ற இடத்தை ஒரு பிள்ளை அவ்வளவு நம்பியிருந்தாள் என்ற நினைப்பு, எனக்குப் பெருமையாகவும் இல்லை, இன்றுவரை என்னை விட்டுப் போகவும் இல்லை.