பூச்சியம் போட்ட கண்

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து, எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுப் பழகியவன் நான். குளுக்கோமா மிச்சம் வைத்த என் ஒரே கண்ணுக்குக் கொழும்பில் அமுக்கம் குறைக்கிற குழாய் வைத்துக்கொண்டு வந்தபோது, அதற்கு நூறு போட்டேன்.

எங்கள் ஊர்க் கிளினிக்கின் நீள வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புத்தூரில் வெங்காயம் பயிரிடும் கமக்காரர். அவருக்கு இங்கேயே, அரசாங்க ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய ஒரு துளை போட்டிருந்தார்கள்.

"இன்னும் சொட்டுமருந்து விடுறியளோ?"

"ஓம் மாஸ்டர். காலமை தண்ணி இறைக்க முதல் ஒரு துளி."

"பிறகு என்னத்துக்கு வெட்டினவை? உது தோற்றுப்போன ஒப்பரேசன்."

அவர் சிரித்தார். "போன பார்வை வராதாம். இருக்கிறது நிண்டால் போதும்."

என்ன அற்பத் திருப்தி என்று அவருடைய கண்ணுக்கு மனதுக்குள் பூச்சியம் போட்டேன். துளி விடச் சொல்லித்தான் என்னையும் அனுப்பியிருந்தார்கள். விட்டால் நானும் அந்த ஆளும் ஒன்றாகிவிடுவோமே. யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன். நோவில்லை, சிவப்பில்லை. வென்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கண் அமுக்கம் பார்த்த டொக்டர், திரும்பவும் ஒருமுறை பார்த்தார்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. மருந்தை நிப்பாட்டிப்போட்டியளோ?"

ஓம் என்றேன். கீழ்ப்பக்கப் பார்வை போய்விட்டது, இனி வராது என்றார்.

வெளியே வரும்போது படி தெரியாமல் விழுந்தேன். அன்றும் கிளினிக்குக்கு வந்திருந்த கமக்காரர்தான் வந்து தூக்கினார். அந்த நேரத்திலும் அவருடைய கை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"மெல்ல, மாஸ்டர். இன்னும் ஒரு படி கிடக்கு."

நான் பூச்சியம் போட்ட கண்தான் அந்தப் படியைக் கண்டது.