மகன் விட்டுச்சென்ற குளிசைகள்

மனைவி இறந்த பிறகு உடுவில் கிராமத்து வீட்டில் தனியே இருக்கிறேன். கனடாவிலிருந்து வந்துபோன மகன், மிச்சமான அன்டிபயோட்டிக் குளிசைகளை அலுமாரியில் விட்டுச்சென்றிருந்தான். மூக்கொழுகித் தடிமன் வரும்போதெல்லாம் அதில் இரண்டைப் போட்டுக்கொள்வேன்.

இப்படியே சில கிழமைகள் போக, வயிறு ஊதியது, நாக்கில் வெள்ளை படர்ந்தது. வீடியோ அழைப்பில் மகனுக்குத் தெரியாதபடி, வாயை அதிகம் திறக்காமல் கதைத்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாக்கைப் பார்த்த டொக்டர் சொன்னார்: “ஐயா, நீங்கள் போட்ட குளிசை வாயிலையும் குடலிலையும் இருந்த நல்ல கிருமியளையும் அழிச்சுப்போட்டுது. அதுகள் அடக்கி வைச்சிருந்த பூஞ்சணம் இப்ப பெருகிட்டுது. ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?”

“கேக்க ஆர் இருக்கினம்?” என்றேன்.

அவர் தந்த மருந்தில் சுகமானது. இப்போது தடிமன் வந்தால் அலுமாரியைத் திறப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், மற்ற நோயாளிகளோடு நீள வாங்கில் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர், “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்பார்.