கோதா கையெழுத்துப் போடாத படிகள்

கோதா டேப்பைப் பூஜ்யத்திலிருந்து அளப்பதில்லை. நுனியிலுள்ள கொக்கி தேய்ந்திருக்கும், வளைந்திருக்கும், யாராவது கீழே போட்டிருப்பார்கள். அதனால் பத்து சென்டிமீட்டர் கோட்டைச் சுவரோடு பொருத்தி, வந்த அளவிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்வார். கழித்ததை மறுபடி கூட்டியும் பார்ப்பார். மைசூர் விஜயநகரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் மாடியில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை: மற்றவர்கள் வரைந்த பிளானில் தப்பு கண்டுபிடிப்பது. "வரையறவா நல்லவாதான். பேப்பரைத்தான் நம்பப்படாது" என்பார்.

கோதா மேடத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. பால் பாக்கெட்டின் தேதியைக் கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை பார்ப்பார். லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால், ஆறாவது ஆள் ஏறும்போது இவர் இறங்கிவிடுவார். ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தவர் திரும்பி வந்து ஹேண்டிலை ஆட்டிப் பார்ப்பதை எதிர் ஜெராக்ஸ் கடையில் தினமும் வேடிக்கை பார்க்கிறார்கள். "சாப்பிட்டேளா?" என்று யாராவது அன்பாகக் கேட்டால், "ஏன், அர்ஜென்டா ஏதாவது டிராயிங் பாக்கணுமா?" என்று பதில் வரும். பெரும்பாலும் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

அந்த அலுவலகம் இந்த வருஷம் ஒரு விமான நிலையத்தின் புதிய பயணிகள் முனையத்துக்கான போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. கட்டடத்தில் உள்ளூர்ப் பண்பாடு தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. கோதா அந்த நிபந்தனைத் தாளில் 'பண்பாடு' என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அரண்மனைக் குமிழ்களைக் கூரையில் வைக்கலாம் என்றார்கள். "நடுவிலே தேங்கற மழைத் தண்ணி எங்கே போகும்?" யானை முகத் தூண்கள் என்றார்கள். "தும்பிக்கை மேலே படியற தூசியை யார் ஏணி போட்டுத் தொடைப்பா?" குமிழும் யானையும் போயின.

அப்புறம் மேகனா ஒரு படம் கொண்டுவந்தார். அலுவலகத்தை நடத்தும் தம்பதியில் வடிவமைப்பவர் மேகனா, வாடிக்கையாளர்களோடு பேசுபவர் கணவர் யதுநந்தன். படத்தில், புறப்பாட்டுக் கூடத்தின் நடுவே மேல்கோட்டைக் கோயிலின் கல்யாணிக் குளம் இருந்தது. நான்கு பக்கமும் கல் படிகள் இறங்கின. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். கோதாவின் குடும்பம் மேல்கோட்டைக் குடும்பம். அவர் படத்தைக் கையில் வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. மேகனா சந்தோஷப்படுவதற்குள் அவரே தொடர்ந்தார். "அதான் சந்தேகமா இருக்கு."

பிளானின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கோதாவின் கையெழுத்து விழாமல் எந்தத் தாளும் வெளியே போனதில்லை. மூன்று நாள் படிகளைக் குடைந்தார். உயரம் சரி, அகலம் சரி, கைப்பிடி சரி. எல்லாமே சரியாக இருந்ததில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி மேல்கோட்டைக்குப் போய், காலை முழுக்கக் கல்யாணிப் படியில் உட்கார்ந்து, இறங்குகிறவர்களின் கால்களைப் பார்த்தார். யாரும் தடுக்கி விழவில்லை. பிறகு அவர்களுடைய கண்களைப் பார்த்தார்.

"குளத்திலே எல்லாரும் தண்ணியைப் பாத்துண்டு எறங்கறா" என்று திங்கட்கிழமை வந்து சொன்னார். "ஏர்போர்ட்லே எல்லாரும் மேலே போர்டைப் பாத்துண்டு நடப்பா. கையிலே பொட்டி வேற. விழுவா."

மேகனாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். "ரேம்ப் இருக்கு, கைப்பிடி இருக்கு, விளிம்புலே மஞ்சப் பட்டை இருக்கு. இன்னேனு பேக்கு?" இன்னும் என்னதான் வேண்டும்? படிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெரிய கொட்டகை. அதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. "ஒங்க ஊர்க் கல்யாணியிலே ஜனங்க செருப்போட நடக்கறது ஒங்களுக்குப் பிடிக்கலை. நேரா சொல்லுங்கோ மேடம்."

அந்த வார்த்தை கோதாவைக் குத்தியது. ஒருவேளை அதுதானோ என்று அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. யதுநந்தன் சமாதானமாகத்தான் பேசினார். "அளவெல்லாம் சரின்னா சைன் பண்ண வேண்டியதுதானே? இல்லேன்னா வேற யாரையாவது வெச்சுப் போட்டுக்கறோம். வெள்ளிக்கிழமை அனுப்பணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்துக்கு வேறு யாரையாவது என்று யாரும் பேசியதில்லை. கோதா தன் மேஜைக்குப் போய்ப் பென்சிலைச் சீவினார். சீவியதையே மறுபடியும் சீவினார்.

போட்டியை நடத்துகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, கார் நிறுத்தும் இடத்தில் பிளைவுட்டில் ஒரு மேடையும் அதிலிருந்து இறங்கும் மூன்று படிகளும் அசல் அளவில் செய்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் கோதா ஒரு தாளில் இருபது விமானங்களின் நேரத்தைச் சின்ன எழுத்தில் அச்சடித்து, மேடைக்கு எதிரே சுவரில் உயரமாக ஒட்டினார். தன் வீட்டு டிராலிப் பெட்டியை யதுநந்தன் கையில் கொடுத்தார்.

"அந்தக் கோடியிலேர்ந்து வேகமா நடந்து வாங்கோ சார். ஒங்க விமானம் ஹைதராபாத். எந்த கேட்டுன்னு படிச்சுண்டே வாங்கோ."

"படி இருக்குன்னு எனக்குத் தெரியுமே" என்று யதுநந்தன் சிரித்தார்.

"தெரியட்டும்."

மேகனா கைகளைக் கட்டிக்கொண்டு தூணருகில் நின்றார். கோதா படிகளுக்குக் கீழே போய், விழுகிற ஆளைப் பிடிப்பதற்காக இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டு நின்றார். தான் சொன்னது தப்பாகப் போனால் அந்தக் குளம் பிழைக்கும் என்று அவருக்கு ஒரு நப்பாசையும் இருந்தது.

யதுநந்தன் புறப்பட்டார். பெட்டியின் சக்கரங்கள் பிளைவுட்டில் கடகடத்தன. "பெங்களூரு... சென்னை... கோவா..." முகம் மேலே இருந்தது. கண்ணைச் சுருக்கினார். "ஹைதரா... அது ஆறா, எட்டா?" நடை குறையவில்லை. விளிம்புக்கு இன்னும் இரண்டடி.

தூணருகில் நின்ற மேகனா ஓடிவந்து, கோதாவின் பக்கத்தில் நின்று, விழப்போகிற கணவரைப் பிடிக்கத் தன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

கோதா மேகனாவை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் கைகளை இறக்கிக்கொண்டு, அரை அடி நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.