பாவ் மாவும் எட்டு சிலிண்டரும்

எஞ்சின் கட்டுகிற தொழிலில், வண்டியைவிட வண்டிக்காரரின் ஆசையைக் கழற்றி மாட்டுவதுதான் கஷ்டம். கையில் கிரீஸோடு கஸ்டமர் முன்னால் நின்றவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. குர்லாவில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இனி அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரே ஒரு கார் வந்து அந்த நினைப்பைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி

மாட்டுங்கா பல் டாக்டர் ஒருவர் தன் பழைய அமெரிக்கக் காரை இழுத்துக்கொண்டு வந்தார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, எங்கள் சந்தே அடைபடும் நீளம். அதற்கு ஸ்ட்ரோக்கர் எஞ்சின் கட்ட வேண்டுமாம். பிளாக் அதேதான், உள்ளே வீச்சு அதிகமான கிராங்க். பிஸ்டன் கூடுதல் தூரம் ஏறி இறங்கும், இழுவை கூடும். ஆசைக்காரர், அதற்கான கிராங்க், பிஸ்டன் எல்லாம் அடங்கிய கிட்டில் சின்னது, பெரியது இரண்டையுமே வரவழைத்து வைத்திருந்தார். பெரியதில் பவர் அதிகம், சூடும் அதிகம். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் குறைவு. இடித்தால் எஞ்சின் காலி, அந்த பிளாக்குக்கு மாற்று இந்த ஊரில் கிடையாது.

அவருக்குப் பெரியதுதான் வேண்டும். போன கோடையில் சயான் சிக்னலில் வண்டி கொதித்து நின்றுவிட, டாக்டர் வீட்டு மாமி பட்டுப்புடவையோடு இறங்கி டாக்ஸி பிடித்துப் போய்விட்டாராம். இனி இதில் ஏறவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாராம். பெரிய பவரைக் காட்டி மாமியை மறுபடி முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும், டாக்டருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் பாக்கி. எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். பதிலைக் கேட்டு ஆடிப்போனேன்.

"மாட்டுங்காலேர்ந்து செம்பூர் மச்சினன் ஆத்துக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்."

சாப்பிட்டு வருவதற்குள்

இடம் போதுமா என்று பார்க்க எங்கள் பட்டறையில் ஒரு வழி உண்டு. பிஸ்டன் தலையில் சப்பாத்தி மாவை அப்பி, ஹெட்டை மூடி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றித் திறப்போம். நசுங்கிய மாவு இரண்டரை மில்லி தடிமன் இருந்தால் பக்கா. மாவு என் டிபன் டப்பாவோடு வீட்டிலிருந்து வரும். அன்றைக்கு வரவில்லை. என்னோடு பத்து வருஷமாக எஞ்சின் கட்டும் சாமுவேல், பக்கத்து பேக்கரியில் ஒரு உருண்டை வாங்கி வந்து, பெரிய கிட்டை மாட்டி அதன் பிஸ்டனில் அப்பினான்.

சுற்றினோம், திறந்தோம், சாப்பிடப் போனோம். வந்து அளந்தால் நாலு மில்லி! டாக்டருக்கு போன் போட்டு, பெரியதே பொருந்தும், நாளைக்கே கட்டிவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். பிறகு மேஜையைத் துடைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எலுமிச்சை அளவுக்கு வைத்துவிட்டுப் போன மிச்ச மாவு சாத்துக்குடி அளவுக்கு உப்பி உட்கார்ந்திருந்தது. அது பாவ் ரொட்டி மாவு, ஈஸ்ட் போட்டது. பிஸ்டன் மேல் இருந்ததும் அப்படித்தான் உப்பியிருக்கிறது.  அந்த அளவை நம்பிக் கட்டியிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வு பிஸ்டனில் குத்தியிருக்கும். சாமுவேல் உருண்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா ஆறு மில்லி வந்திருக்கும்லா?"

டாக்டரின் பை

மூடி மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது உண்மை. அதற்குள் டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக நேரிலேயே வந்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார், வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று தலைகுனிந்து நின்றேன்.

அவர் பையைத் திறந்து ரோஸ் நிற மெழுகுத் தகடு ஒன்றை எடுத்தார். பல் செட் கட்டுமுன் கடிக்கச் சொல்லி அளவெடுப்பார்களே, அந்த மெழுகு. வெந்நீரில் காட்டி, தானே பிஸ்டன் மேல் அப்பினார். சுற்றித் திறந்தோம். ஒரு மில்லிகூட இல்லை. டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. மெழுகை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் கத்தினார்.

"முப்பது வருஷமா ஊரார் பல்லுக்கெல்லாம் அளவெடுக்கறேன். உப்பற வஸ்துவை வாய்ல வச்சேன்னா என்னை ஓட ஓட விரட்டுவா, தெரியுமா?"

முன் சீட்

சின்ன கிட்டையே கட்டினோம். வால்வை அதிகம் தூக்காத சாதுவான கேம், பெரிய ரேடியேட்டர், கூடுதலாக ஒரு ஃபேன். ஞாயிறு காலை டாக்டர் என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மாமி வந்தார், வண்டியைச் சுற்றிப் பார்த்தார், கையில் போனை எடுத்துக்கொண்டே ஏறினார். வழியில் நின்றால் டாக்ஸி கூப்பிடத்தான்.

சயான் சிக்னலில் மூன்று தடவை பச்சை விழுந்தும் யாரும் நகரவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. சூடு காட்டும் முள் மட்டும் நடுவிலேயே நின்றது. நாலாவது பச்சையில் புறப்பட்ட வண்டி செம்பூரில்தான் நின்றது. டாக்டர் பெருமையோடு மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்னா, ரெண்டு மாசமா பட்டறைல போட்டேளே, என்னதான் மாத்தினேள்?"

டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் கொதிக்காமல், குத்தாமல் வந்து சேர்ந்த என் எஞ்சினில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று ஒருவர் வாயால் கேட்டு, கை தட்டாத குறையாக நான் சந்தோஷப்பட்டது இந்தத் தொழிலில் அதுதான் முதல் தடவை.