பார்க்காமல் வரையச் சொன்ன காடு

சுற்றுவட்டத் தேவாலயப் பங்குகள் சேர்ந்து நடத்திய இளைஞர் முகாமுக்கு அந்த வருடம் ‘காட்டைக் காப்போம்’ என்று தலைப்பு. நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மலைமேல், கோடரி படாத பழங்காட்டை ஒட்டிய விடுதியில் மூன்று நாள். சங்ககிரியிலிருந்து நான் போனதற்குக் காடும் காரணம், கடிதமும் காரணம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரியில் சேர ஆசை. பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் இடம் நிச்சயம். முகாமுக்குப் போய்வந்தால் கடிதம் நிச்சயம்.

இரண்டாம் நாள் காலை பையன்கள் காட்டுக்குள் கிளம்பினார்கள். பெண்களான எங்களுக்கு ஆளுக்கொரு சார்ட்டும் கலர் பென்சிலும் கொடுத்து, காட்டை வரையச் சொன்னார் முகாமை நடத்திய அண்ணன்.

“பாக்காத காட்ட எப்படிங்கண்ணா வரையறது?” என்றேன்.

“போன்ல பாத்து வரை சாமி. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க ஊட்டுக்கு ஆரு பதில் சொல்றது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலுக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்று நேராகவே சொல்லியிருக்கலாம். உரித்தோம், வரையவும் செய்தோம். மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் நான் வேலியைத் தாண்டிவிட்டேன்.

நூறு அடிதான் நடந்திருப்பேன், வெயிலைக் காணோம். எங்கள் ஊர்ப் பாறைச்சூட்டில் வளர்ந்தவளுக்கு உச்சிவேளையில் கை சில்லிட்டது அதிசயம். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், பாதிகூட எட்டவில்லை. கன்னமெல்லாம் ஈரப்பாசி. பயமாக இருந்தது. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பும்போது கணுக்காலில் ஓர் அட்டைப்பூச்சி. சமவெளிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். விரலால் பிய்த்து எறிந்தேன். ரத்தம் நிற்கவேயில்லை. மாலை ஜெபத்தில் முழங்காலிட்டபோது வெள்ளைச் சுடிதாரின் கால்பக்கம் சிவந்திருந்ததை அண்ணன் பார்த்துவிட்டார். விசாரித்தார். ஒளிக்காமல் சொன்னேன்.

கடைசி நாள் ‘பகிர்வு’. ஒவ்வொருவராக எழுந்து முகாமில் பெற்றதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எல்லாத்து முன்னாடியும் ஒரு மன்னிப்புக் கேட்டுரு சாமி. இல்லீன்னா ஃபாதர்கிட்டச் சொல்லோணும். அப்புறம் கடிதம் கெடைக்காது.”

மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

என் முறை வந்தது. “நேத்து நான் காட்டுக்குள்ள போனனுங்க. நல்லா இருந்துச்சுங்க. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டனுங்க” என்று சொல்லி உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. பக்கத்திலிருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கடிதம் வரவில்லை. அம்மா இரண்டு முறை பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தார். பெண்ணே நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். மாட்டேன் என்றேன். இன்றுவரை கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் இடமும் கிடைக்கவில்லை. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்தக் காடு நெசமாலுமே நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

“என்னையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போ” என்றார்.