சிறுவாணிக் கேனில் விழுந்த கல்லுப்பு

தாராபுரம் பக்கம் கைக்குழந்தையோடு போகிறவர்கள் தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாதம், நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அக்கா ஸ்டெல்லாவின் நான்கு மாதப் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். அக்கா ஊரில் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. கொதிக்க வைத்துக் கொடுத்தும் சேரவில்லை. வயிற்றுப்போக்கில் துவண்டு, அப்போதுதான் கொஞ்சம் தேறியிருந்தது. பால்பொடி கரைக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோவை உக்கடத்தில் என் வீட்டுக் குழாயில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிறது, பிறகென்ன? இருபது லிட்டர் கேனை நிரப்பினேன்.

சிங்காநல்லூரில் காலை 6.40க்கு பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, சீமெண்ணெய்ங்களா?”

“சிறுவாணித் தண்ணிங்க. அக்கா கொழந்தைக்கு.”

“அப்ப லக்கேஜ் வேண்டாமுங்க. எனக்கொரு டம்ளர் ஊத்துனாப் போதும்.”

9.10க்கு இறங்கினேன். நிறுத்தத்துக்கு எதிரேயே ஞானஸ்நானம் நடக்கும் கோயில். கேனைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அந்த ஊரில் பீடத்தடியில் தண்ணீர் வைத்தால் மந்திரித்துத் தீர்த்தமாக்குவதற்கு என்று அர்த்தம். பங்குச் சாமியார் வந்து செபிப்பதற்கு முன் அதில் கல்லுப்புப் போட்டு வைப்பது, கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியாரின் வேலை. நான் திரும்பி வருவதற்குள் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டிருந்தார்.

“தீர்த்தத்துக்குன்னு நெனச்சுப்போட்டனுங்க!” என்று பதறினார் பெரியவர். எனக்கு வந்த கோபத்துக்கு, கோயில் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். குழந்தையோடு வந்து சேர்ந்த அக்கா அழுதேவிட்டாள். “பிளாஸ்க்ல சாயங்காலம் வரைக்குந்தான் தண்ணி இருக்குது கண்ணு.”

அப்போதுதான் கண்டக்டர் நினைவு வந்தது. அதே பஸ் தாராபுரம் போய்விட்டுப் பத்து மணிக்கு இந்த வழியாகத்தான் கோவை திரும்பும். உப்புத் தண்ணீரை ஞானஸ்நானத் தொட்டியில் கொட்டி, கேனை அலசி எடுத்துக்கொண்டு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் கண்டக்டர் கேனை வாங்கி உள்ளே வைத்தார். “நாலு மணி ட்ரிப்புல வாரேனுங்க. அழுவ வேண்டாம்னு அம்மணிகிட்டச் சொல்லுங்க.”

ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. பிரியாணி போட்டார்கள், எனக்கு இறங்கவில்லை. உபதேசியார் இலையிலேயே உட்காரவில்லை. மூன்று மணிக்கே நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்.

4.05க்கு ஹாரன் கேட்டது. கண்டக்டர் கேனை இறக்கினார், நிறைந்திருந்தது. “சிங்காநல்லூர் டீக்கடையில புடிச்சனுங்க. சிறுவாணியேதான், குடிச்சுப் பாத்துப்போட்டேன்.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உபதேசியார் யாரையும் தொட விடவில்லை. கேனைத் தானே தோளில் ஏற்றி, வழியில் எங்கும் இறக்காமல், அக்கா வீட்டு அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்தார்.

சாமியார் எட்டிப் பார்த்து, “மந்திரிச்சுத் தரட்டுமா?” என்றார்.

“வேண்டாமுங்க சாமி,” என்றாள் அக்கா. “முதல்ல கொதிக்க வெச்சுக்கறனுங்க.”

நீங்கள் போவதானால் கேனில் ‘குடிக்க மட்டும்’ என்று பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கண்டக்டருக்கு ஒரு டம்ளர் கொடுக்க மறக்காதீர்கள்.

காலையில் குழந்தையின் தலையில் சாமியார் ஊற்றியதும் சிறுவாணி, சாயங்காலம் பாட்டிலில் அது குடித்ததும் சிறுவாணி. முதலாவதற்குத்தான் எல்லோரும் முழங்காலில் நின்றோம். இரண்டாவதைக் குழந்தை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத் தூங்கியபோது உபதேசியார் மட்டும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.